ஒரு தலையும் ஐம்பத்திரண்டு கடைக்கால்களும்

புந்தேலர் கதை: 6

மதுகர் ஷா 1592-இல் கண்ணை மூடியதோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. முகலாயரோடு மோதித் தோற்று, பணிந்து, மறுபடி முறுக்கிக்கொண்டு, கடைசிவரை அக்பருக்குத் தலைவலியாகவே இருந்துவிட்டுப் போன மனிதர். அவருக்கு எட்டுப் பிள்ளைகள் என்பது வம்சாவளிக் கணக்கு. மூத்தவர் ராம் ஷாவுக்கு ஓர்ச்சா சிம்மாசனம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு ஜாகீர். இளையவர்களில் ஒருவரான பீர் சிங் தேவுக்குத் தத்தியாவுக்குப் பக்கத்தில் படோனி என்ற சின்ன இடம் கிடைத்தது. அண்ணனுக்கு ராஜ்ஜியம், தம்பிக்குக் கைச்செலவுக்கு நாலு கிராமம் என்பது அந்தக் காலத்து ராஜ குடும்பங்கள் எல்லாவற்றிலும் உள்ள ஏற்பாடுதான். பெரும்பாலான தம்பிகள் அதோடு அடங்கிப் போனார்கள். இவர் அடங்கவில்லை.

இன்றைக்கு ஓர்ச்சாவுக்குப் போகிறவர்கள் வாய் பிளந்து பார்க்கிற கட்டடங்களில் பெரியவை எல்லாம் இந்தத் தம்பி கட்டியவை, அல்லது தகப்பன் தொடங்கி இவர் முடித்தவை. அவர் எந்த வழியாக ராஜா ஆனார் என்று தெரியாமல் அவற்றைச் சுற்றிப் பார்த்தால் அழகான படங்கள் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. அதனால் இந்த வாரக் கதையை ஊருக்குள் நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

ஜான்சி ரயில் நிலையத்திலிருந்து ஓர்ச்சா பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போய்விடலாம். மத்தியப் பிரதேசத்தின் நிவாரி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே ஒரு கடைத்தெருவும் நாற்சந்தியுமாக, ராஜதானியாக இருந்த ஊர் என்று நம்ப முடியாத அளவுக்குச் சின்ன ஊர். நாற்சந்தியில் நின்றால் ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் கோயில்கள். பேத்வா ஆறு கிளை பிரிந்து மறுபடி சேரும் இடத்தில் உருவான பாறைத் தீவு ஒன்றின்மேல் கோட்டை உட்கார்ந்திருக்கிறது. வளைவு வளைவாகக் கட்டிய பழைய கல்பாலம் வழியாகத்தான் போக வேண்டும். 1531-இல் புந்தேல ராஜா ருத்ர பிரதாப் பழைய தலைநகரான கட் குண்டாரை விட்டுவிட்டு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமே தேட வேண்டாம். மழைக்காலத்தில் ஆறே அகழி.

1783-இல் தலைநகரை இங்கிருந்து தெஹ்ரிக்கு மாற்றினார்கள். இன்றைய டீக்கம்கர் அதுதான். ராஜாவும் பரிவாரமும் போன பிறகு இந்த ஊரில் புதிதாக எதையும் கட்டப் பெரிய அவசியம் யாருக்கும் வரவில்லை. பழையதை இடிக்கவும் அவசியம் வரவில்லை. நான்கு நூற்றாண்டுக்கு முந்தைய தலைநகரத்தை ஏறக்குறைய அப்படியே பார்க்க முடிவதற்கு அதுவே காரணம். 2019-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஓர்ச்சா சேர்ந்தது. மணிரத்னமும் ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பின் ஒரு பகுதியை இங்கே வந்து நடத்தினார். சோழர் அரண்மனை எதுவும் நிமிர்ந்து நிற்கவில்லை. புந்தேலரிடம் இரவல் வாங்கிக்கொண்டோம்.

முதலில் தகப்பன் காலத்துக் கட்டடங்கள்.

ராஜ மஹால் வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். உயரமான, மொட்டையான சுவர். மேலே சில மண்டபக் குடைகள். ருத்ர பிரதாப் காலத்தில் ஆரம்பித்து மதுகர் ஷா காலத்தில் முடிந்தது. உள்ளே போனால் அறைகளின் விதானத்திலும் சுவரிலும் ஓவியங்கள்: திருமாலின் அவதாரங்கள், ராமாயணக் காட்சிகள், வேட்டை, மல்யுத்தம். சிவப்பும் காவியும் கறுப்பும்தான் அதிகம். பல இடங்களில் காரை உதிர்ந்து, வாலில்லாத குதிரையும் தலையில்லாத வேட்டைக்காரனுமாக நிற்கிறார்கள். படை வந்தால் தாங்க வேண்டும் என்ற நினைப்பு வெளிச்சுவரில் தெரிகிறது. வீட்டுக்காரர்களின் பக்தி உள்ளே தெரிகிறது. சண்டையிலேயே காலம் கழித்த ஒரு தலைமுறையின் வீடு இது.

மேல் தளத்து ஜன்னல் ஒன்றிலிருந்து பார்த்தால் ஊருக்கு அந்தப் பக்கம் சதுர்புஜக் கோயிலின் சிகரங்கள் நேராகத் தெரியும். அரசி அரண்மனையில் இருந்தபடியே சாமி தரிசனம் செய்யத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்வார்கள். ஆனால் யாருக்காகக் கோயில் கட்டினார்களோ அந்தச் சாமி அங்கே போகவே இல்லை.

அந்தக் கதை ஓர்ச்சாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மதுகர் ஷா கிருஷ்ண பக்தர். அவர் மனைவி கணேஷ் குன்வரி ராம பக்தை. கணவன் பிருந்தாவனத்துக்குக் கூப்பிட, மனைவி அயோத்திக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்க, பேச்சு முற்றியது. “அப்படியானால் உன் ராமனைக் கையோடு கூட்டிக்கொண்டு வா” என்று ராஜா சொல்லிவிட்டார். அரசி சரயு நதிக்கரையில் தவம் கிடந்தாள். கடைசியில் ராமன் குழந்தை உருவில் வந்தான். வந்தவன் மூன்று நிபந்தனை போட்டான். பூச நட்சத்திரத்தில் மட்டும்தான் பயணம், அதுவும் கால்நடையாக. முதலில் எங்கே இறக்கி வைக்கிறாயோ அங்கிருந்து நகர மாட்டேன். நான் வந்த பிறகு அந்த ஊருக்கு நான்தான் ராஜா, இன்னொரு ராஜா கூடாது. மாதத்துக்கு ஒரு பூசம் என்று நடந்து நடந்து அரசி ஊர் வந்து சேர்ந்தபோது, சதுர்புஜக் கோயில் வேலை முடிந்திருக்கவில்லை. ஒரு ராத்திரிதானே என்று தன் மாளிகையின் சமையலறையில் விக்கிரகத்தை வைத்தாள். பிறகு அசைக்க முடியவில்லை.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதன் விளைவு கண்ணுக்கு நேரே இருக்கிறது. ராம் ராஜா கோயிலுக்குச் சிகரம் இல்லை, மூலக் கோபுரம் இல்லை. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், மாடி, கைப்பிடிச் சுவர் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் அரண்மனை. வாசலில் துப்பாக்கியோடு மத்தியப் பிரதேசப் போலீஸ்காரர் காவல் நிற்கிறார். ஆரத்தி நேரத்தில் ராஜாவுக்கு முறைப்படி ஆயுத வணக்கம் செலுத்துகிறார். ஓர்ச்சா எல்லைக்குள் வேறு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் இந்த மரியாதை கிடையாது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். பிரசாதத்தோடு வெற்றிலை பீடாவும் தருகிறார்கள். தர்பாருக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதில்லையா? பூச நட்சத்திரம் வரும் நாட்களில் புந்தேல்கண்டின் கிராமங்களிலிருந்து டிராக்டரிலும் கால்நடையாகவும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். அன்றைக்கு இந்த ஊரில் சுற்றுலாக்காரர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பக்கத்திலேயே சதுர்புஜக் கோயில். உயரமான மேடைமேல், செங்குத்தான படிகள் ஏறிப் போக வேண்டும். உள்ளே மண்டபத்தின் உயரமும் வெளிச்சமும் ஒரு பெரிய மாதாகோயிலுக்குள் வந்துவிட்டோமோ என்று நினைக்க வைக்கும். வைணவக் கோயில்தான், வேறொரு விக்கிரகம் வைத்துப் பூஜையும் நடக்கிறது. ஆனால் கூட்டமெல்லாம் அடுத்த கட்டடத்தில். மேலே சிகரத்தின் விளிம்புகளில் கழுகுகள் உட்கார்ந்திருக்கின்றன. நாடு முழுவதும் அருகிப்போன அந்தப் பறவைக்கு ஓர்ச்சாவின் உயர்ந்த கட்டடங்கள் கூடு கட்டத் தோதான பாறைகளாகிவிட்டன.

சாமியை ராஜாவாக்கிவிட்டுத் தான் அவருடைய காரியஸ்தன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சாதுரியம் உண்டு. திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா 1750-இல் ராஜ்ஜியத்தைப் பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்துவிட்டுப் பத்மநாபதாசன் ஆனது நமக்குத் தெரிந்ததுதான். சண்டை போட்டு, சொந்தக்காரர்களை ஒழித்துப் பிடித்த ராஜ்ஜியத்துக்கு அதைவிட நல்ல பட்டயம் கிடையாது. ஓர்ச்சாவில் ராமனே ராஜா என்ற ஏற்பாடு மதுகர் ஷா காலத்துக் கதை. அதனால் அதிகம் பயன்பட்டது அவர் மகனுக்கு என்பது என் எண்ணம். தகப்பன் முடிக்காமல் விட்ட சதுர்புஜக் கோயிலை பீர் சிங் தேவ் மெனக்கெட்டு முடித்தாரே, சாமி வர மாட்டார் என்று தெரிந்தும்?

இனி அந்த மகனிடம் வருவோம்.

1600-களின் தொடக்கம். அக்பருக்கு வயதாகிவிட்டது. மூத்த மகன் சலீம் பொறுமையிழந்து அலகாபாத்தில் தனி தர்பார் நடத்திக்கொண்டிருக்கிறான். அக்பரின் நம்பிக்கைக்குரியவர்களில் முதல்வரான அபுல் ஃபஸல் தக்காணப் போரில் இருக்கிறார். ‘அக்பர் நாமா’வையும் ‘அயினி அக்பரி’யையும் எழுதியவர். பேனாக்காரர் என்றாலும் படை நடத்தவும் தெரிந்தவர். மகனை அடக்க முடியாமல் தவித்த அக்பர் அவரை உடனே புறப்பட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் வந்து சேர்ந்தால் தன் கதை முடிந்தது என்று சலீமுக்குத் தெரியும். தக்காணத்திலிருந்து ஆக்ராவுக்கு வரும் சாலை புந்தேலர் பூமியை ஒட்டிப் போகிறது. அந்தப் பூமியில், அண்ணனோடும் பேரரசோடும் ஏககாலத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி இருக்கிறான் என்பதும் சலீமுக்குத் தெரியும்.

இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. பிற்பாடு ஜஹாங்கீராகப் பட்டமேறியதும் தன் நினைவுக் குறிப்பில், பீர் சிங்கிடம் சொல்லி அபுல் ஃபஸலைக் கொல்ல வைத்தது நான்தான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். வெட்கமோ வருத்தமோ அதில் இல்லை. அந்த ஆள் வந்திருந்தால் எனக்கும் அப்பாவுக்கும் ஆகாமல் செய்திருப்பான், அதனால் அவசியமாயிற்று என்ற பாணியில் சொல்லிக்கொண்டு போகிறார்.

கொலையை விவரமாக எழுதியவர் அசத் பேக். அபுல் ஃபஸலிடம் நீண்ட காலம் ஊழியம் பார்த்தவர். சிரோன்ஜ் வரை எஜமானோடு வந்தார். அங்கே அபுல் ஃபஸல் ஒரு விபரீதமான முடிவெடுத்தார். களைத்துப் போயிருந்த தன் பழைய ஆட்களை அசத் பேக்கோடு அங்கேயே விட்டுவிட்டு, உள்ளூரில் புதிதாகச் சேர்த்த வீரர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் பீர் சிங் காத்திருக்கிறான் என்று எச்சரிக்கை வராமல் இல்லை. வேறு வழியாகப் போகலாம் என்றவர்களும் உண்டு. ஒரு கொள்ளைக்காரனுக்குப் பயந்து வழி மாறிப் போனேன் என்று பாதுஷா முன்னால் எப்படி நிற்பேன் என்பது அவர் கட்சி.

1602 ஆகஸ்ட் மாதம். நர்வாருக்கும் அந்த்ரிக்கும் இடைப்பட்ட ஓரிடம். புந்தேலக் குதிரைகள் சூழ்ந்துகொண்டன. அந்த்ரியில் பேரரசின் படை இரண்டு மூவாயிரம் பேர் முகாமிட்டிருக்கிறார்கள், குதிரையைத் தட்டிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கூட வந்த ஆப்கானிய வீரர் ஒருவர் கெஞ்சினார். அபுல் ஃபஸல் கேட்கவில்லை. ஈட்டி பாய்ந்து குதிரையிலிருந்து விழுந்தார். ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் கிடத்தினார்கள்.

அடுத்து நடந்ததாக அசத் பேக் எழுதுவது எந்த வரலாற்று நூலிலும் எளிதில் கிடைக்காத காட்சி. பீர் சிங் குதிரையிலிருந்து இறங்கி வருகிறார். தரையில் உட்கார்ந்து, அபுல் ஃபஸலின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்து, தன் உடுப்பாலேயே அவர் வாயைத் துடைத்துவிடுகிறார். அவர் கண் திறந்ததும் வணக்கம் சொல்கிறார். இளவரசர் தங்களை மரியாதையாக அழைத்து வரச் சொல்லியிருக்கிறார் என்று நயமாகப் பேசுகிறார். பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சத்தியமும் செய்கிறார். பதிலுக்குக் கிடைத்தது வசவு. கூட இருந்தவர்கள், இந்தக் காயத்தோடு இவரைக் கொண்டுபோக முடியாது என்று ராஜாவிடம் சொன்னார்கள். பீர் சிங் மடியிலிருந்து தலையை இறக்கிவிட்டு எழுந்தார். ஆட்கள் வேலையை முடித்தார்கள். தலை அலகாபாத்துக்குப் போயிற்று.

எழுதியவர் அந்த இடத்தில் இல்லை. செத்தவருடைய ஆள் வேறு. இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனால் பகைவனைப் பற்றிப் பொய் சொல்ல உட்கார்ந்தவர் வாயைத் துடைத்துவிட்டதைச் சேர்த்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. உடல் அந்த்ரியில் அடக்கமாயிற்று. குவாலியருக்குத் தெற்கே ஒரு சின்னக் கல்லறை. முகலாய சாம்ராஜ்ஜியத்தைப் பற்றி இன்றைக்கு நாம் அறிந்ததில் பெரும்பகுதியை எழுதி வைத்தவர் அதில் கிடக்கிறார். ஓர்ச்சாவுக்குப் போகிற பஸ்களில் ஒன்றுகூட அங்கே நிற்பதாகக் காணோம்.

அக்பரிடம் இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. தைமூர் வம்சத்தில் இளவரசர் யாராவது இறந்தால், அவருடைய பிரதிநிதி கையில் நீலத் துணி கட்டிக்கொண்டு பாதுஷா முன்னால் வந்து நிற்பது வழக்கமாம். அபுல் ஃபஸலின் பிரதிநிதி அப்படி வந்து நின்றார். சலீமுக்குப் பட்டம் வேண்டுமென்றால் என்னைக் கொன்றிருக்கலாமே என்று அக்பர் புலம்பியதாகச் சொல்வார்கள். பிறகு பீர் சிங்கைப் பிடித்துவரப் படை கிளம்பியது. பேத்வா கரையிலேயே இருக்கும் எரச் கோட்டையில் அவரை வளைத்தும் விட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டைச் சுவரில் துளை போட்டு, முற்றுகையிட்ட படைக்கு நடுவிலேயே புகுந்து தப்பிவிட்டார். எப்படித் தப்பவிட்டீர்கள் என்று விசாரிக்க அக்பர் அனுப்பியது யாரை? அதே அசத் பேக்கைத்தான். காட்டிலும் மேட்டிலும் மூன்று வருஷம் ஓடி ஒளிந்த பீர் சிங்குக்கு 1605 அக்டோபரில் விடிந்தது. அக்பர் காலமானார்.

ஜஹாங்கீர் கடனை மறக்கவில்லை. பட்டமேறிய கையோடு பீர் சிங்குக்கு மூவாயிரம் மன்சப் பதவி கொடுத்தார். பின்னால் அது ஐயாயிரமாயிற்று. ஓர்ச்சாவும் அவருக்கே. அண்ணன் ராம் ஷா எதிர்த்துப் பார்த்தார், பிடிபட்டார், மன்னிப்புப் பெற்றார். கடைசியில் சந்தேரிப் பக்கம் ஒரு சின்ன ஆட்சியோடு ஒதுங்க வேண்டியதாயிற்று. போதாததற்கு 1609-இல் ராம் ஷாவின் மகளை ஜஹாங்கீர் தன் அந்தப்புரத்துக்கு எடுத்துக்கொண்டார். தம்பிக்கு ராஜ்ஜியம், அண்ணனுக்கு சம்பந்தம். பீர் சிங் ஒருமுறை வெள்ளைச் சிவிங்கிப்புலி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியதை ஜஹாங்கீர் ரசித்து எழுதியிருக்கிறார். விலங்குகள் என்றால் அந்த பாதுஷாவுக்கு உயிர் என்பது பீர் சிங்குக்குத் தெரியாதா?

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இப்போது ஜஹாங்கீர் மஹாலுக்குள் போகலாம்.

இன்றைக்கு நாம் போகிற வழி பின்வாசல். டிக்கெட் கொடுக்கும் இடமும் ராஜ மஹாலும் அந்தப் பக்கம் இருப்பதால் எல்லோரும் மேற்கிலிருந்தே நுழைந்து, அதுதான் வாசல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முற்றத்தைக் கடந்து கிழக்குப் பக்கம் வெளியே வந்தால்தான் உண்மையான முகப்பு: கீழே பேத்வா, இரண்டு பக்கமும் கல் யானைகள், சித்திர வேலைப்பாடு நிறைந்த பெரிய நுழைவு. ஆற்றைப் பார்த்து, வரப்போகிற விருந்தாளியைப் பார்த்து வைத்த வாசல்.

சதுரமான கட்டடம். மூலைக்கு ஒரு வட்டக் கொத்தளம். மூன்று அடுக்கு, மேலே எட்டுப் பெரிய கும்பங்கள், அவற்றுக்கிடையே சின்னக் குடைகள். தகப்பனின் ராஜ மஹாலில் மொட்டையாக நின்ற வெளிச்சுவர் இங்கே முற்றிலும் மாறிவிட்டது. வெளிப்பக்கம் முழுவதும் உப்பரிகைகள். ஒவ்வொன்றையும் தாங்க வரிசையாகக் கல் தண்டயங்கள். அவற்றில் பல யானை உருவத்தில். பலகணிகளில் கல்லைச் சல்லடையாகத் துளைத்திருக்கிறார்கள். ஒன்றில் இருக்கும் கோலம் அடுத்ததில் இல்லை. வெயில் சாயும் நேரத்தில் அந்தக் கோலங்கள் தரையில் விழுந்து மெல்ல நகரும். மேல் விளிம்பில் மயில்கழுத்து நிறத்திலும் நீலத்திலும் மெருகு ஓடுகள் பதித்திருந்தார்கள். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அங்கங்கே பட்டையாக மிச்சம் இருக்கிறது. மாடிப்படிகள் மட்டும் அநியாயத்துக்குக் குறுகல். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம், உள்ளே வௌவால் நாற்றம். எதிரே ஒருவர் இறங்கி வந்தால் யாராவது ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஜஹாங்கீர் ஒரு ராத்திரி தங்குவதற்காகவே இத்தனை பெரிய மாளிகை என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். பிறகு, இந்து, முஸ்லிம் கட்டடக் கலைகளின் சங்கமம் என்று ஒரு வரியும் தவறாமல் வருகிறது. கும்பமும் மெருகு ஓடும் அங்கிருந்து, தண்டயமும் தாமரையும் இங்கிருந்து என்பது உண்மைதான். ஆனால் அது எதனால் சங்கமமாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. முகலாயனை எதிர்த்தே காலம் தள்ளிய மதுகர் ஷா கட்டியது ராஜ மஹால். முகலாயன் கையால் ராஜ்ஜியம் வாங்கிய மகன் கட்டியது ஜஹாங்கீர் மஹால். இரண்டுக்கும் நடுவே ஐம்பதடி முற்றமும் ஒரு தலையும் இருக்கின்றன.

பீர் சிங்கின் கட்டடப் பசி அதோடு அடங்கவில்லை. 1613-இல் ஜான்சிக் கோட்டை. 1618-இல் ஒரே நாளில் ஐம்பத்திரண்டு இடங்களில் கடைக்கால் போட்டார் என்பது புந்தேல்கண்டில் வழிவழியாக வரும் பேச்சு. ஐம்பத்திரண்டு என்பது எண்ணிச் சொன்ன கணக்கா, நிறைய என்பதற்குச் சொன்ன கணக்கா என்று நான் வாதாடப் போவதில்லை. புந்தேல்கண்டில் எந்தப் பழைய குளத்தை, கிணற்றை, கோட்டையைக் காட்டினாலும் பீர் சிங் காலத்தது என்கிறார்கள். தத்தியாவில் குன்றின்மேல் ஏழு அடுக்கு மாளிகை ஒன்று எழுப்பினார். கட்டி முடித்தும் அதில் ராஜ குடும்பம் குடியிருக்கவே இல்லை. புதுதில்லியை அமைத்த லட்யன்ஸ் நம் ஊர்க் கட்டடங்களைப் பொதுவாக மதிக்காதவர். அவரே தத்தியா மாளிகையைப் பாராட்டியிருக்கிறார்.

தத்தியா என்றதும் நமக்கு இன்னொன்று நினைவுக்கு வர வேண்டும். பீர் சிங்கின் மகன் ஒருவர் வழியில் தத்தியா தனி அரசாயிற்று. அந்த வம்சத்து தல்பத் ராவ், ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கானோடு தெற்கே வந்து செஞ்சி முற்றுகையில் வருஷக்கணக்காகக் கிடந்தார். அவருடைய காரியஸ்தர் பீம்சேன் எழுதிய பாரசீகக் குறிப்புகளில் கர்நாடகப் பகுதியின் கோயில்களைக் கண்டு வியந்த பக்கங்கள் உண்டு. 1698-இல் செஞ்சி விழுந்தபின் அங்கே கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, வந்த சொரூப் சிங்கும் ஒரு புந்தேலர்தான். அவர் மகன் தேஜ் சிங்கைத் தெருக்கூத்தில் நாம் தேசிங்கு ராஜா என்று அழுதுகொண்டு பார்த்தோம். அந்தக் கதை இன்னும் பல வாரம் தள்ளி.

பீர் சிங் கட்டியவற்றில் மிகப் பெரிய செலவு ஓர்ச்சாவில் இல்லை. மதுராவில் கேசவதேவர் கோயில்: 33 லட்சம் ரூபாய் என்று கணக்குச் சொல்கிறார்கள். பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே அதைக் கண்டு பிரமித்து எழுதினார். 1670-இல் ஔரங்கசீப் அதை இடித்தார். இடித்த செய்தியைப் பதிவு செய்த ‘மஆசிர்-இ-ஆலம்கீரி’ என்ற நூல் அந்தக் கோயில் எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது: இந்த புந்தேலன் அபுல் ஃபஸலைக் கொன்று ஜஹாங்கீரின் தயவைச் சம்பாதித்தான், அதற்குக் கூலியாக இந்தக் கோயிலைக் கட்ட அனுமதி வாங்கினான் என்று. நடந்து அறுபத்தெட்டு வருஷம் ஆகியும் அந்தக் கணக்கை முகலாய தர்பாரில் யாரும் மறக்கவில்லை.

ஓர்ச்சாவிலேயே அதை மறக்கவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. கவி கேசவதாஸ் அந்த அரண்மனைக்காரர். ‘ரசிகப்ரியா’ 1591-இல் எழுதினார். பீர் சிங்கின் இன்னொரு அண்ணன் இந்திரஜித் அவரை ஆதரித்தவர். இந்திரஜித்தின் அன்புக்குரிய ஆடலரசி ராய் பிரவீணுக்குப் பாட்டிலக்கணம் சொல்லிக்கொடுக்கவே 1601-இல் ‘கவிப்ரியா’ எழுந்தது. அவள் பெயரில் கோட்டைக்குள் தோட்டத்தோடு ஒரு மாளிகையும் இருக்கிறது; அளவான, அழகான கட்டடம். ராஜா மாறியதும் கவியும் புதிய ராஜாவிடம் வந்தார். 1607-இல் ‘வீரசிம்மதேவ சரித்திரம்’ பாடினார். ராஜாவைப் புகழும் நூல், அபுல் ஃபஸல் கொலையும் உள்ளே உண்டு. ஆனால் நூலை அவர் ஆரம்பிக்கிற விதத்தைப் பாருங்கள்: பேராசையும் கொடையும் ஆள் உருவில் வந்து, நம்மில் யார் பெரியவர் என்று வாதம் செய்கிறார்கள். தன் ராஜாவின் வாழ்க்கையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறென்ன? சில வருஷம் முன்புவரை எதிர்க்கட்சியில் இருந்த கவி, முகம் கோணாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். 1612-இல் ஜஹாங்கீரையும் பாடினார்.

ஊருக்கு மேற்கே குன்றின்மேல் லட்சுமி நாராயணர் கோயில், 1622. கோயிலா கோட்டையா என்று சொல்ல முடியாத கட்டடம்; பீரங்கி வைக்கத் துளைகூட விட்டிருக்கிறார்கள். உள்ளே ஓவியங்கள் அருமை. பிற்காலத்தில் தீட்டியவற்றில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ஜான்சிக் கோட்டைச் சண்டையும் வருகின்றன. 1857-இல் ஓர்ச்சாவின் படை ஜான்சி ராணிமீதே பாய்ந்தது. அதே ஓர்ச்சாவின் சுவரில் ராணி வாளோடு நிற்கிறாள்.

1627-இல் பீர் சிங் காலமானார். அதே வருஷம் அக்டோபரில் ஜஹாங்கீரும் போய்ச் சேர்ந்தார். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒன்றாகக் கணக்கை முடித்துக்கொண்டது போல. ஆற்றங்கரையில் கஞ்சன் படித்துறையை ஒட்டி ஓர்ச்சா ராஜாக்களின் சத்ரிகள், அதாவது நினைவு மண்டபங்கள், வரிசையாக நிற்கின்றன. மற்றவை நாற்சதுர மேடைமேல் சிகரம் வைத்த ஒரே அச்சு. பீர் சிங்குடையது மட்டும் அரண்மனை அளவுக்குப் பெரியது. ஆனால் உச்சி முழுமை பெறாமல் நிற்கிறது. பிள்ளைக்கு அதை முடிக்க அவகாசம் இருக்கவில்லை.

பிள்ளையின் பெயர் ஜுஜார் சிங். தகப்பன் ஜஹாங்கீரிடம் வாங்கியதை ஷாஜஹான் திருப்பிக் கேட்பார் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. சொந்தத் தம்பி ஹர்தௌலுக்கு விஷம் வைத்துக் கொன்ற பழியும் அவர்மேல் வந்து விழுந்தது. அந்தத் தம்பி இன்றைக்கும் புந்தேல்கண்டில் சாமி. கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை அவருக்குத்தான். 1635-இல் ஓர்ச்சாமேல் மூன்று பக்கமிருந்து முகலாயப் படை கிளம்பியபோது அதற்குப் பெயரளவில் தலைமை தாங்கிய இளவரசனுக்குப் பதினேழு வயது நிறையவில்லை. அவன்தான் ஔரங்கசீப்.

(தொடரும்)